‘ஒருபோதும் இல்லை’ என்றாள் ரீத்தா

என் உயிர் மச்சான் லூர்துவுக்கு,

இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததுமே எனக்கு மதிப்பெண் விழுந்துவிட்டது. அந்தக் கேள்வி உனக்கு மனப்பாடம். ‘இறந்தவர் உயிரோடு இருப்பதுபோல் அவரிடம் பேசுகிறேன்.’ ஒருபோதும் இல்லை, எப்போதாவது, அடிக்கடி, எப்போதும். நான் ‘எப்போதும்’. பேருந்தில் பேசுகிறேன், துறையின் மாடிப்படியில் பேசுகிறேன், கீழவீதி டீக்கடையில் இரண்டு டீ சொல்லிவிட்டு முழிக்கிறேன். கடைக்காரர் பழகிவிட்டார். நான் இரண்டு என்றாலும் அவர் ஒன்றுதான் போடுகிறார்.

இதை அச்சில் போடப்போகிறேன் மச்சான். அதனால் உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கிறது. வழக்கம்போலக் கொட்டாவி விட்டுக்கொண்டு கேள்.

நீ கடலூர் முதுநகர்க்காரன், கோயில் பாடகர் குழுவில் சுருதியோடு ஜென்மப் பகை வளர்த்தவன். நான் காட்டுமன்னார்கோயில் பக்கத்தில் நெல் விதைக்கிற வீட்டுப் பிள்ளை. சிதம்பரத்துக்கு உளவியல் படிக்க வந்த இடத்தில் ஒரே அறை, ஒரே சைக்கிள், கடைசியில் ஒரே வேலை. வெளிநாட்டில் உண்டாக்கிய ஒரு துக்க அளவுகோலைத் தமிழுக்குக் கொண்டுவர வேண்டும். சொந்தத்தைப் பறிகொடுத்தவர்களிடம் அந்தக் கேள்விகளைக் கேட்டு, அது நம் ஜனங்களின் துக்கத்தைத்தான் அளக்கிறதா, மறுபடி அளந்தாலும் அதையே காட்டுகிறதா என்று சோதிக்க வேண்டும். முதலாவதற்கு ஏற்புடைமை என்று பெயர், இரண்டாவதற்கு நம்பகத்தன்மை. நீ இதை ரீத்தாவிடம் விளக்கியது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

‘தராசு இருக்குல்ல, அது அரிசியத்தான் நிறுக்குதா, நாளைக்கு வச்சாலும் அதே எடையக் காட்டுதான்னு பாக்கறோம்.’

‘அதுக்கு எதுக்குய்யா ரெண்டு பேரு?’ என்றாள் உன் பெண்டாட்டி. ‘ஒருத்தரு நிறுக்கறதுக்கு, ஒருத்தரு வேடிக்கை பாக்கறதுக்கா? அண்ணே, இதுல நீங்க எது?’

அப்படி வாயாடினவள்தான் மச்சான். தபால் அலுவலகத்தில் அவள் கவுன்டர் முன்னால் வரிசை நீண்டால்கூட ஒருவரும் முணுமுணுக்க மாட்டார்கள், பேச்சைக் கேட்டுக்கொண்டு நிற்பார்கள். இப்போது அந்தக் கவுன்டரில் முத்திரை குத்துகிற சத்தம் மட்டும் கேட்கிறது.

அஞ்சலையை மறந்திருக்க மாட்டாய். கிள்ளைப் பக்கத்து மீனவக் குப்பத்தில், கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து மீன் தரம் பிரித்துக்கொண்டே, காமாலையில் போன புருஷனோடு பேசிக்கொண்டிருந்த அம்மா. ‘யோவ், கெழங்கான் இன்னா வெல போவுது பாத்தியா? நீ இருக்கச் சொல்ல இந்த வெல வித்துச்சா?’ அவர் பதில் சொன்னதுபோல் தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த மீனை எடுத்தாள். நம்மைப் பார்த்ததும் வெட்கப்படவும் இல்லை. ‘அவுருக்குக் கணக்கு சொல்லலன்னா கோவிச்சிக்குவாரு’ என்றாள்.

அளவுகோலில் அஞ்சலை எங்கேயோ போய்விட்டாள். கோட்டுக்கு மேலே, சிகிச்சை தேவை என்கிற இடத்தில். அனுப்பிவைத்தோம், அதுதான் விதி. மாத்திரை கொடுத்தார்கள். மறுமுறை போனபோது கூடைப் பக்கத்திலேயே சுருண்டு படுத்திருந்தாள். ‘தூக்கந்தான் ஜாஸ்தி வருது சார், ஏவாரம் போச்சு’ என்றாள். கடலூருக்குத் திரும்பும் பேருந்து புதுச்சத்திரம் தாண்டினபிறகு நீ சொன்னாய், ‘மச்சான், நாம தராச தலகீழாப் புடிச்சிக்கினு இருக்கோம்.’

அதற்குப் பிறகு நீ விடவில்லை. நெல்லிக்குப்பத்தில் மகனைப் பறிகொடுத்த அந்தக் கரும்பு விவசாயியின் வீட்டுக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாய். எல்லாக் கேள்விக்கும் ‘இல்லீங்க, பரவால்லீங்க’ என்றார். காபி கொடுத்தார். விருந்தாளியை அழுகையோடு அனுப்பக்கூடாது என்பது நம் பக்கத்துப் பழக்கம், அதனால் மதிப்பெண் ஏறவே இல்லை. ஆனால் வெட்ட வேண்டிய கரும்பு வயலில் காய்ந்துகொண்டிருந்தது. மகன் பெயரை எடுத்தால் எழுந்து உள்ளே போய்விடுகிறார் என்று அவர் தம்பி வாசலில் வைத்துச் சொன்னார்.

‘பேசறவங்க பொழச்சுக்குவாங்க மச்சான்’ என்றாய். ‘இங்க எந்த வீட்டுலதான் செத்தவங்களோட பேசல? அமாவாசைக்குச் சோறு வச்சிட்டுக் கூப்புடறோம், கல்லறையில மெழுகுவத்தி ஏத்திட்டுக் கத பேசறோம். பேசலன்னு சொல்றவங்களத்தான் பயந்து பாக்கணும். இந்தக் கேள்விக்கு மார்க்க திருப்பிப் போடணும்.’

துறைக் கூட்டத்தில் இதையே இலக்கணத் தமிழில் சொன்னாய். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மூல அளவுகோலின் அமைப்பை மாற்ற நமக்கு அனுமதி இல்லை என்றார். அதோடு இன்னொரு சிக்கல். இடைவெளி விட்டு மறுபடி அதே ஆட்களிடம் கேட்டபோது மதிப்பெண்கள் எகிறியிருந்தன. நம்பகத்தன்மை போச்சு என்றார்கள். நீதான் நாட்காட்டியை எடுத்து வந்து மேசைமேல் போட்டாய். நடுவில் மகாளய அமாவாசை வந்திருந்தது, பின்னாலேயே கல்லறைத் திருநாளும். ‘ஐயா, எங்க ஊருல துக்கத்துக்குக் காலண்டர் இருக்கு’ என்றாய். சிரித்தார்கள். நானும் சிரித்தேன், நீ சொன்ன விதம் அப்படி. குறிப்பில் அது ஏறவில்லை.

வெளிநாட்டுக்குக் கடிதம் எழுதினாய். ஒரு கேள்வியையும் திருப்பக்கூடாது, திருப்பினால் நாடுகளை ஒப்பிட முடியாது என்று மரியாதையாகப் பதில் வந்தது. உலகத்துத் துக்கத்தையெல்லாம் ஒரே வரிசையில் நிறுத்தி உயரம் பார்க்க வேண்டுமாம். நீ அந்தப் பதிலுக்கு மறுபதில் எழுதிக்கொண்டிருந்தபோதுதான் போனாய்.

ஞாயிற்றுக்கிழமை பூசை, கறிச்சோறு, அப்புறம் நெஞ்சு அடைப்பு. கேஸ் என்றாயாம். ஒரு சோடா குடித்தால் சரியாகிவிடும் என்றாயாம். நம் ஊரில் யாருக்கு நெஞ்சு அடைத்தாலும் முதலில் சோடாதானே. ஆஸ்பத்திரி அதற்கப்புறம்தான் ஞாபகத்துக்கு வரும். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை மச்சான். ‘நெஞ்சை அடைக்கிறது’ என்று சொன்ன எத்தனை பேரிடம் நீ எங்கே, எப்போது, எப்படி என்று தோண்டித் தோண்டிக் கேட்டிருக்கிறாய். உன் நெஞ்சிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கக்கூடாதா?

சிதம்பரத்திலிருந்து நான் வந்து சேர்ந்தபோது உனக்கு வெள்ளைச் சட்டை போட்டு முடித்திருந்தார்கள்.

ரீத்தா அழவில்லை. முப்பதாம் நாள் பூசை முடிகிறவரை எல்லாவற்றையும் அவளே நின்று நடத்தினாள். அடுத்த வாரம் நான் போனபோது சுவரில் உன் படம் இல்லை. ஆணி மட்டும் இருந்தது. உன் சட்டைகளையெல்லாம் கோயிலில் கொடுத்துவிட்டாளாம். நீ உட்காருகிற பிரம்பு நாற்காலி பின்கட்டில் கவிழ்ந்து கிடந்தது. பேச்சில் எங்காவது உன் பெயர் வந்தால் அடுப்பில் ஏதோ வைத்திருப்பதாக எழுந்து போய்விடுவாள். அடுப்பு அணைந்திருக்கும்.

நெல்லிக்குப்பத்துக்காரர்தான் எனக்கு நினைவுக்கு வந்தார். பயந்துபோனேன்.

இப்போது உனக்கு ஒரு செய்தி. நம் அளவுகோலின் சுருக்க வடிவம் புழக்கத்துக்கு வந்துவிட்டது. கடலூரிலேயே ஓர் ஆலோசனை மையத்தில் அதை வைத்துத்தான் ஆட்களைப் பிரிக்கிறார்கள். கோட்டுக்கு மேலே இருந்தால் உள்ளே, கீழே இருந்தால் வீட்டுக்கு. ‘சும்மா வா தங்கச்சி’ என்று கெஞ்சிக் கூத்தாடி ரீத்தாவை அங்கே கூட்டிப் போனேன். சின்னப் பெண் ஒருத்தி, நல்ல பெண்தான், எதிரே உட்கார்ந்து கேட்டாள். கேள்வியை நான் கேட்கவில்லை, ஓரமாக உட்கார்ந்திருந்தேன்.

‘தெனமும் வேலைக்குப் போறீங்களா மேடம்?’

‘எப்போதும்.’

‘அவர் இறந்ததை ஏத்துக்க முடியுதா?’

‘எப்போதும்.’

‘அவர் உயிரோட இருக்கற மாதிரி அவர்கிட்ட பேசறீங்களா?’

‘ஒருபோதும் இல்லை’ என்றாள் ரீத்தா.

அச்சுத் தமிழில், நாம் எழுதி வைத்த அதே வார்த்தைகளில் சொன்னாள். நீயும் நானும் உன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ஆயிரம் தடவை வாய்விட்டுப் படித்துப் பார்த்த விடைகள் ஆயிற்றே. அந்தப் பெண் கூட்டிப் பார்த்துவிட்டு முகமெல்லாம் மலர்ந்து, ‘நீங்க ரொம்ப தைரியமா இருக்கீங்க மேடம்’ என்றாள்.

ரீத்தாவை வெளியே உட்காரவைத்துவிட்டு நான் மட்டும் திரும்ப உள்ளே போனேன். சண்டை போட்டேன் என்றே வைத்துக்கொள். ‘சார், கோட்டுக்கு மேல இருக்கறவங்களையே எங்களால பாத்து முடிக்க முடியல’ என்றாள் அந்தப் பெண். கொஞ்சம் தயங்கிவிட்டு, ‘ஸ்கேல் நீங்க செஞ்சதுதானே சார்?’ என்றாள். அவள் குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டாள்.

பேராசிரியரிடம் போனேன். ‘ஒருத்தர வச்சு அளவுகோல மாத்த முடியாதுப்பா. உன் துக்கம் புரியுது’ என்றார். அவர் சொல்வது சரிதான். நானே மாணவர்களுக்கு அப்படித்தான் பாடம் நடத்துகிறேன். என் பெயரை அதிலிருந்து எடுத்துவிடுங்கள் என்றேன், எடுத்துவிட்டார்கள். உன் பெயரையும் எடுங்கள் என்றேன். அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லையாம், இறந்தவர் ஒப்புதல் கொடுத்த வேலையாம். ஆக, உன் பெண்டாட்டிக்கு ஒன்றும் இல்லை என்று சொல்கிற காகிதத்தின் அடியில் உன் பெயர் மட்டும் தனியாக நிற்கிறது. இதற்கு நான் என்ன செய்வது? சொல்லேன்.

காசு கொடுத்துப் பார்க்கிற டாக்டரிடமாவது போகலாம் என்றேன். சிரித்தாள். நீ போனபிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். ‘நான் நல்லாத்தானண்ணே இருக்கேன். உங்க ஸ்கேலே சொல்லிடுச்சே’ என்றாள்.

போன ஞாயிறு மத்தியானம் போயிருந்தேன். கழுத்து எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. என்ன சாப்பிட்டாய் என்று கேட்டதற்கு ‘ஆச்சுண்ணே’ என்றாள். காபி கொண்டுவந்தாள், அதில் சர்க்கரை இல்லை. எனக்கு என்ன தோன்றியதோ, அஞ்சலை ஞாபகம் வந்ததோ, சுவரைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னேன்.

‘டேய் மச்சான், பாத்தியா? ஒன் பொண்டாட்டி சக்கர போட மறந்துட்டா. நீயே கேளு.’

ரீத்தா சட்டென்று பின்கட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

‘அப்பிடிப் பேசாதீங்கண்ணே.’

‘ஏம்மா?’

‘அவுருக்குக் கேட்டுடும்.’

எனக்குப் புரியவில்லை. கேட்டால் என்ன தங்கச்சி என்றேன். அவள் குரலைத் தணித்துக்கொண்டாள், பக்கத்து அறையில் நீ படுத்துத் தூங்குவதுபோல.

‘சோடா வாங்கியாந்தது யாருண்ணே? நாந்தான. கேஸ்னாரு. நானும் கேஸ்னுதான் நெனச்சேன். ஆட்டோ கூப்புடல, ஒன்னும் பண்ணல. கோலிய அமுத்தி நானே ஒடச்சிக் குடுத்தேன். பாதி குடிச்சிட்டு, நல்லாருக்குடின்னாரு. அப்பிடியே சாஞ்சிட்டாரு. எந்த மூஞ்சிய வச்சிக்கினு நான் அவுர்கிட்ட பேசறது? போட்டோவுல பாத்துக்கினே இருக்காரு. சட்டைங்ககூடப் பாத்துக்கினு இருந்துச்சு. அதான் எல்லாத்தையும் எடுத்துட்டேன்.’

மச்சான், உன் சாவை ஏற்றுக்கொண்டாள் என்று அளவுகோல் சொன்னது இவளைத்தான்.

எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். நீ கேஸ் என்று சொன்னால் யாராக இருந்தாலும் சோடாதான் கொடுத்திருப்பார்கள் என்றேன். உன் பிடிவாதம் ஊரறிந்தது என்றேன். அவள் எல்லாவற்றுக்கும் ‘சரிண்ணே’ என்றாள். நெல்லிக்குப்பத்துக்காரர் ‘பரவால்லீங்க’ என்றாரே, அதே ‘சரிண்ணே’. காபி தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனவள் திரும்பி வரவில்லை. கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வந்தேன்.

பேருந்தில் வரும்போது யோசித்தேன். இதை எந்தக் கேள்வியாக எழுதுவது? ‘இறந்தவர் காதில் விழுந்துவிடும் என்று பயந்து பேசாமல் இருக்கிறேன்’ என்று உலகத்தில் எவன் எழுதுவான்? மதிப்பெண்ணைத் திருப்பிப் போட வேண்டும் என்று நீ கண்டுபிடித்தது சரி. ஆனால் ஏன் பேசாமல் இருக்கிறார்கள் என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்தக் கரும்பு விவசாயி மகனிடம் எதை மறைத்துக்கொண்டு உள்ளே போனாரோ? நாம் கேட்கவில்லை. நமக்கு நேரமாகிவிட்டது, பேருந்தைப் பிடிக்க வேண்டும்.

எனக்கு இந்த வேலையில் நம்பிக்கை போய்விட்டது மச்சான். வகுப்பில் ஏற்புடைமை என்று பலகையில் எழுதிவிட்டு வெறுமனே நிற்கிறேன். பிள்ளைகள் குறிப்பெடுக்கக் காத்திருக்கிறார்கள். யாருக்கு யார் என்ன சொல்வது? உன் பெண்டாட்டிக்கு ஆறுதல் சொல்ல வேண்டியவன் நீ ஒருவன்தான். நான் ஆயிரம் சொன்னாலும் அவள் என்னிடமா தப்புச் செய்ததாக நினைக்கிறாள்? ஒரு நாள் கனவிலாவது வந்து ‘லூசு, நாந்தானடி கேஸ்னு சொன்னேன்’ என்று சொல்லிவிட்டுப் போனால் குறைந்தா போய்விடுவாய்? ஒரு கனவுகூட வரவில்லையாம். வந்துவிடுவாயோ என்றுதான் அவள் தூங்குவதே இல்லையோ என்று எனக்குச் சந்தேகம்.

வருகிற கல்லறைத் திருநாள், நீ மண்ணுக்குள் போனபிறகு வருகிற முதல் கல்லறைத் திருநாள். ரீத்தா வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். நான் வருகிறேன். மெழுகுவத்தி ஏற்றத் தெரியாமல் காற்றில் அணைத்து அணைத்து ஏற்றுவேன், பக்கத்துக் கல்லறைக்காரர்கள் சிரிப்பார்கள். அவர்கள் முன்னாலேயே உன்னை வாய்க்கு வந்தபடி திட்டப்போகிறேன். சோடாவைப் பற்றி அவள் உனக்குத் தெரியக்கூடாது என்று நினைக்கிற எல்லாவற்றையும் உரக்கச் சொல்லப்போகிறேன். அப்புறம் நேரே உன் வீட்டுக்குப் போய், ‘சொல்லிட்டேன் தங்கச்சி, அவனுக்குத் தெரியும், ஒன்னும் சொல்லல’ என்பேன். அவள் என்னை வெளியே போகச் சொல்லலாம். சொல்லட்டும், அடுத்த ஞாயிறும் போவேன். டாக்டரிடம் கூப்பிடுவதையும் நிறுத்தமாட்டேன். சர்க்கரை இல்லாத காபி எனக்குப் பழகிவிட்டது.

இதனால் ஒன்றும் ஆகாமலே போகலாம். ஆகும் என்று உனக்குப் பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை. ஒன்றுக்கு மட்டும் வாக்குத் தருகிறேன். அவளாக உன்னோடு பேசுகிற நாள் வரைக்கும், அவளுக்கும் சேர்த்து நானே உன்னோடு பேசிக்கொண்டிருப்பேன்.

உன் மச்சான்,
ரீத்தாவுக்கு அண்ணன்,
முருகவேல்